வடக்கு கேட்

அம்புஜத்தை நல்லவள் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கெட்டவள் என்றும் சொன்னதில்லை, அந்தக் கூட்டம் நடக்கும் வரை.

பொம்மனஹள்ளிக்குப் பின்னால் மாரேனகெரே என்று ஓர் ஏரி. அதன் வடகரையில் ஒரே சுவரை இரண்டு பக்கமும் பங்கு போட்டுக்கொண்டு நிற்கும் இருபத்திரண்டு லைன் வீடுகள். ஏழாவது அம்புஜத்துடையது. பதினேழாவதில் நான் மூன்று வருடம் வாடகைக்கு இருந்தேன். தண்ணீர் லாரி வந்தால் முதல் குடம் அவளுடையதாகத்தான் இருக்கும். யாராவது கேட்டால், "நான் வேலைக்குப் போறவ. உங்கள மாதிரி சும்னே குந்தினு இருக்கறவ இல்ல" என்பாள். வேலைக்குப் போகாத பெண் ஒருத்தியும் அந்த வரிசையில் கிடையாது.

நீலசந்திராவில் பிறந்து வளர்ந்தவள். தொண்ணூற்றொன்றில் சந்திரனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். சந்திரன் ஓசூர் ரோட்டில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அறுபது அடுக்குத் துணியை ஒன்றாக வைத்து, கத்தி மிஷினைத் தள்ளி, ஒரு நூல் பிசகாமல் வெட்டுவான். பிள்ளை இல்லை. நாற்பத்தைந்து வயதில் சர்க்கரை வந்தது, கவனிக்கவில்லை. 2019-இல் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதற்குப் பிறகு அவனுக்கு ஊசி போடுவது, நேரத்துக்குச் சாப்பாடு கொடுப்பது, குளிக்க உட்காரவைப்பது எல்லாம் அம்புஜம். ஊசி போட்டால் அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும், மறுபடி பத்து மணிக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதில் அவள் ஒரு நாளும் தவறியதில்லை. வாயால் திட்டிக்கொண்டேதான் செய்வாள். "ஒரு கால எடுத்தாங்களே, அந்த நாக்க எடுத்திருந்தா எனக்கு நிம்மதி" என்பாள். அவன் சிரிப்பான்.

அவள் வேலை செய்த வீடு ஏரிக்கு நேர் எதிரே, தென்கரையில் பதினான்கு மாடி அடுக்ககத்தில். ஏரிக்கரை மேல் நடந்தால் எட்டு நிமிஷம். காலையில் ஆறரைக்குப் போவாள், ஒன்பதே முக்காலுக்குத் திரும்பி வந்து சந்திரனுக்குக் கொடுப்பாள், மறுபடி போய் மதியச் சமையலை முடித்துவிட்டு வருவாள்.

அந்த வீட்டுக்காரர் சீனிவாசராகவன், அரசு இலாகாவில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக மைசூர் சமஸ்தானத்திலும் பிறகு மாநில அரசிலும் உத்தியோகம் பார்த்தது. மனைவி இருந்தவரை அம்புஜத்துக்குப் பெருக்கித் துடைக்கிற வேலைதான், அடுப்படிக்குள் விடமாட்டார். அந்த அம்மாள் இறந்த மூன்றாவது மாதம், மருமகள் ஸ்வர்ணா, "எனக்கு ஆபீஸ் கால் இருக்கு, இன்னைக்கு மட்டும் நீங்களே சாம்பார் வெச்சிடுங்களேன்" என்றாள். அன்றிலிருந்து சமையல் அம்புஜம்தான். பெரியவர் முதல் நாள் மட்டும் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு சாப்பிட்டார்.

அந்த வீட்டு ஹாலில் ஒரு வரைபடம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. மாரேனகெரே சீரமைப்புத் திட்டம், 1997. வேலையில் இருந்தபோது பெரியவர் தன் கையால் வரைந்தது. கரை மேல் பன்னிரண்டடி அகலத்தில் பொதுவழி, வழியோரம் வேப்பமரங்கள். வடகரையில் துணி துவைக்கப் பன்னிரண்டு கற்கள் வைத்த படித்துறை, மாடு இறங்க ஒரு சரிவு, நாலு சின்னக் கடைகள். லைன் வீடுகளைக்கூடச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் போட்டிருந்தார். அம்புஜம் அதைத் துடைக்கும்போதெல்லாம் ஏழாவது கட்டத்தை விரலால் ஒருமுறை தொடுவாள்.

அந்தத் திட்டத்தில் வழியும் படித்துறையும் மட்டும் கட்டப்பட்டன. கடைகள் வரவில்லை. ஊர்ச் சாக்கடையை ஏரிக்கு வெளியே திருப்பிவிடும் கால்வாயும் வரவில்லை. அது வரைபடத்தில் புள்ளிக் கோடாக இருந்தது, பக்கத்தில் 'இரண்டாம் கட்டம்' என்று எழுதியிருந்தது. இருபத்தைந்து வருடம் சாக்கடை நேராக ஏரிக்குள் போயிற்று. போதாததற்குக் கட்டடம் இடித்த மண்ணை லாரிகள் கொண்டுவந்து கரையோரம் கொட்டின.

2022 ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டு மேசை மேல் இரண்டு வரைபடங்கள் கிடந்தன. ஒன்று சட்டத்திலிருந்து கழற்றிய பழையது. இன்னொன்று பெரியவரின் மகன் சுதீர் கலரில் அச்சடித்துக் கொண்டுவந்தது. சுதீர் ஐடி கம்பெனியில் மேனேஜர், தென்கரை ஏரிச் சங்கத்தின் செயலாளர். புதுத் திட்டத்துக்கு ஒரு கம்பெனி பணம் தருகிறது, அரசாங்கம் அனுமதி தருகிறது, பொதுமக்கள் கூட்டம் ஒன்று மட்டும் பாக்கி.

புது வரைபடம் அழகாக இருந்தது. ஓடுவதற்குச் சிவப்புப் பாதை, பட்டாம்பூச்சித் தோட்டம், முதியோர் மண்டபம், தண்ணீர் மேல் ஒரு மரத்தளம். ஏரியைச் சுற்றிலும் எட்டடி உயரக் கம்பிவேலி. தெற்கே ஒரு கேட், வடக்கே ஒரு கேட். காலை ஐந்து முதல் ஒன்பதரை, மாலை நாலு முதல் ஏழு.

பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார்.

"கால்வாய் எங்கடா?"

"இதோப்பா, டாட்டட் லைன். ஃபேஸ் டூ."

"இன்னும் ரெண்டாம் கட்டத்துலதான் இருக்கா?"

"ஃபண்ட் வரணும்ப்பா."

"எனக்கும் அதத்தான் சொன்னா" என்றார் பெரியவர். விரல் கரை மேல் போயிற்று. "நான் போட்ட வழியக் காணுமே?"

"அப்பா, இருபத்தஞ்சு வருஷம் ஓப்பனா விட்டீங்க. என்ன ஆச்சுன்னு பாருங்க." சுதீர் போனில் படங்களைத் தள்ளிக் காட்டினான். லாரி மண், பிளாஸ்டிக், கடைசியில் வடகரைப் படித்துறை. அதில் ஒரு பெண் குனிந்து துவைத்துக்கொண்டிருந்தாள், காலைச் சுற்றி வெள்ளை நுரை. "இத முதல் ஸ்லைடா வைக்கறோம்."

"அவ சோப்புத் தண்ணி நாளைக்கு எத்தன பக்கெட் இருக்கும்? சாக்கடை எத்தன லட்சம் லிட்டர் வர்றது? கணக்குப் போட்டியோ?"

"கணக்க யாரும் கேக்க மாட்டாங்கப்பா. படத்தத்தான் பாப்பாங்க."

படத்தில் இருந்தது மரியா, எட்டாவது வீட்டுக்காரி. பி.ஜி. ஹாஸ்டல் பிள்ளைகளின் துணியை எடுத்துத் துவைத்து, இஸ்திரி போட்டுக் கொடுப்பாள். புருஷன் விட்டுப் போனவன். ஒரே மகள் கிருத்திகா பி.காம் இரண்டாம் வருடம். மரியாவுக்கும் அம்புஜத்துக்கும் நடுவில் ஒரு சுவர்தான், அதனால் நிறைய சண்டை. மரியா ஈரத் துணிக் கொடியை அம்புஜத்தின் வாசல் வரை இழுத்துக் கட்டுவாள். பிளீச்சிங் நெடியில் சந்திரனுக்கு இருமல் வரும். ஆனால் அவன் காலை எடுத்த வாரம் முழுக்க ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுவந்தவளும் மரியாதான்.

காபியை வைக்க வந்த அம்புஜம் புது வரைபடத்தின் வடக்குப் பக்கத்தைப் பார்த்தாள். அங்கே கட்டங்களே இல்லை. நெருக்கமாகப் பச்சை வட்டங்கள் மட்டும்.

"எங்க வூடு எங்க?"

"அது பிளானுக்கு வெளிய அம்புஜம்மா, அதனால வரையல. வீட்டுக்கு ஒண்ணும் ஆகாது. இந்தப் பச்சையெல்லாம் மரம். இந்தப் பக்கத்துலேர்ந்து பாக்கறப்ப அழகா இருக்கணுமில்ல?" சுதீர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டான். "நீங்க அந்த மீட்டிங்குக்கு வரணும். வடகரை ஆள் ஒருத்தர் சப்போர்ட்டா பேசினா நல்லா இருக்கும். மூணே மூணு வார்த்தை. நான் எழுதித் தரேன்."

"கேட்ட மூடினா நான் எப்படி வர்றது, சார்?"

"உங்களுக்கு ஒரு கார்டு குடுத்துடலாம். எப்ப வேணா வரலாம், போலாம். என் பொறுப்பு."

அவள் பெரியவரைப் பார்த்தாள். அவர் பழைய வரைபடத்தை மறுபடி சட்டத்துக்குள் நுழைத்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் அடுத்த மாதம், தென்கரை அடுக்ககத்தின் ஹாலில் நடந்தது. மேடையில் இரண்டு பெரிய பலகைகள், ஒன்றில் 1997, இன்னொன்றில் 2022. அதிகாரி ஒருவர், கம்பெனிக்காரர்கள் இருவர், தென்கரை ஆட்கள் நூறு பேருக்கு மேல். வடகரையிலிருந்து பதினைந்து பேர் வந்து கடைசி வரிசையில் நின்றார்கள். மரியாவும் மகளோடு வந்திருந்தாள். முதல் படம் திரையில் வந்ததும் கிருத்திகா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு திட்டங்களையும் ஒப்பிட்டுப் பேச சீனிவாசராகவனை அழைத்தார்கள். அவரே பழையதை வரைந்தவர் என்று சுதீர் அறிமுகம் செய்ததும் கைதட்டினார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வாசித்தார். பழைய திட்டம் ஏரியை எல்லாருக்கும் திறந்துவிட்டது, புதிய திட்டம் பாதுகாக்கிறது. பழையது உபயோகத்தைப் பார்த்தது, புதியது சூழலைப் பார்க்கிறது. எல்லாம் மகன் எழுதிக் கொடுத்த வாக்கியங்கள். கடைசி வாக்கியத்துக்குக் காகிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "மனிதர்களை நம்பி வரைந்தது என் தவறு என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்." மறுபடி கைதட்டல். காகிதத்தில் கையெழுத்துப் போட்டு அதிகாரியிடம் கொடுத்துவிட்டு இறங்கினார்.

அடுத்து அம்புஜம். இஸ்திரி போட்ட பச்சைப் புடவை, தலையில் பூ. மைக்கைப் பிடித்து மூன்று வாக்கியங்களையும் கன்னடத்தில் ஒழுங்காகச் சொன்னாள். கெரே எங்களோடது. கெரே சுத்தமா இருக்கணும். வேலி போட்டாத்தான் சுத்தமா இருக்கும். அத்தோடு இறங்கியிருக்கலாம்.

அதிகாரி அவளை நிறுத்தினார். "ஹேளம்மா, கெரே யாரு ஹாளு மாடோது?" ஏரியைக் கெடுப்பது யார் என்று கேட்டார். பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. ஆனால் ஒரு ஹால் முழுக்க அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. ஐம்பத்தோரு வயது வரைக்கும் அவளுக்கு அப்படி நடந்ததில்லை. யாரும் அவளிடம் எதையும் கேட்டதில்லை.

அவள் கையை நீட்டினாள். "அவதான் சார். மரியா. எட்டாம் நம்பர். ஹாஸ்டல் துணி, ஆஸ்பத்திரித் துணி, எல்லாம் அங்கதான் தொவைக்கறா. ஆசிட் ஊத்தறா."

ஆஸ்பத்திரித் துணி பொய். ஆசிட்டும் பொய்.

மரியா கடைசி வரிசையில் வாயைத் திறந்தாள். ஆனால் மைக் அவளிடம் வரவில்லை. அதிகாரி குறித்துக்கொண்டார். கிருத்திகா, "வாம்மா, போலாம்" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

ஒன்பதாம் நாள் ஜேசிபி வந்தது. பன்னிரண்டு கற்களையும் உடைத்தார்கள். மரியாவின் இரண்டு டிரம், இஸ்திரி வண்டி, ஊறப் போட்டிருந்த துணியோடு இரண்டு பக்கெட் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றினார்கள். அந்தத் துணிகளின் சொந்தக்காரப் பிள்ளைகள் அன்று சாயங்காலமே வந்து மரியாவின் வாசலில் நின்று கத்தினார்கள். ஹாஸ்டல்காரர் வேறு ஆள் பார்த்துக்கொண்டார். மரியா ஒரு மெஸ்ஸில் பாத்திரம் கழுவப் போனாள். கிருத்திகா காலேஜை விட்டுவிட்டு ஓசூர் ரோட்டில் பேக்கிங் கம்பெனியில் சேர்ந்தாள். அதன் பிறகு மரியா அம்புஜத்திடம் சண்டைகூடப் போடவில்லை. கொடியை மட்டும் அவிழ்த்து உள்ளே கட்டிக்கொண்டாள்.

"நீ பண்ணது பாவம், அம்பு" என்றான் சந்திரன்.

"ஆமா, பாவம். உனக்கு இருமல் நின்னுச்சா இல்லையா?"

2024 பிப்ரவரியில் வேலி முடிந்தது. படித்துறை இருந்த இடத்தில், துணி துவைக்கும் பெண் ஒருத்தியின் சிமெண்ட் சிலையை வைத்தார்கள். நீலப் புடவை, சிவப்பு ஜாக்கெட் பெயிண்ட் அடித்திருந்தது. தென்கரைப் பிள்ளைகள் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். முதல் மழைக்குச் சாக்கடை வழக்கம்போல வந்து விழுந்தது, மூன்று நாள் மீன் செத்து மிதந்தது. அப்போது கெடுத்தது யார் என்று கேட்க யாரும் கூட்டம் போடவில்லை.

கார்டு வரவில்லை. முதல் வாரம் காவல்காரன் தெரிந்த முகம் என்று விட்டான். இரண்டாவது வாரம் ஆளை மாற்றினார்கள். ஒன்பதே முக்காலுக்கு கேட் பூட்டியிருக்கும். சுற்றிப் போனால் மெயின் ரோடு, சர்வீஸ் ரோடு, மேம்பாலத்தின் அடி என்று ஐம்பது நிமிஷம். அம்புஜம் சுதீரிடம் கேட்டாள்.

"பார்க்க இப்ப ஏஜென்சி மேனேஜ் பண்றாங்க அம்புஜம்மா. ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க. பேசிட்டு இருக்கேன்."

ஸ்வர்ணா, "நீங்க ஒரேடியா ஒரு மணி வரைக்கும் இருந்து முடிச்சிட்டுப் போயிடுங்களேன். நடுவுல போய் வர்றது உங்களுக்கும் கஷ்டம்தானே" என்றாள்.

அப்படியே செய்தாள். சந்திரனுக்குப் பத்து மணிக்குச் சாப்பிட வேண்டியதைக் கட்டில் பக்கத்தில் மூடி வைத்துவிட்டுப் போனாள். ஒரு நாள் பெரியவரிடம் தனியாகக் கேட்டுப் பார்த்தாள்.

"ஐயா, உங்க பிளான்ல வழி இருந்துச்சே. பொதுவழின்னு எழுதியிருக்குதே. அதக் காட்டிக் கேட்டா ஆகாதா?"

பெரியவர் பேப்பரை மடித்தார். "இருந்தது. அது தப்புன்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேனேம்மா. இனிமே அதுக்கு மதிப்பு கிடையாது." பிறகு, "காபில இன்னிக்கு சக்கரை ஜாஸ்தி" என்றார்.

ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை. ஸ்வர்ணா வீட்டில் விருந்தாளிகள். ஆறு மணிக்கே வரச் சொல்லியிருந்தாள். அம்புஜம் ஐந்தே முக்காலுக்குச் சந்திரனுக்கு ஊசி போட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். கேஸ் தீர்ந்துவிட்டது. முந்தின நாள் சோறும் இல்லை. இதுவரை இப்படி ஒரு தரம் நடந்திருக்கிறது. அப்போது கரை மேல் ஓடிப் போய் அந்த வீட்டு இட்லி நாலை வாங்கிக்கொண்டு இருபது நிமிஷத்தில் வந்துவிட்டாள்.

"இதோ வந்துர்றேன். பிஸ்கெட் இருக்குது, அத துண்ணு" என்று டப்பாவை அவன் கையில் கொடுத்தாள். உள்ளே இரண்டு பிஸ்கெட் இருந்தது.

கேட் திறந்திருந்தது. எட்டு நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தாள். மாவு ஃபிரிட்ஜில் கல்லாக இருந்தது. அதை இளக்கி, ஊற்றி, எடுத்து, நாலு இட்லியை டப்பாவில் போட்டு, "மேடம், அஞ்சு நிமிஷம், அவருக்குக் குடுத்துட்டு வந்துர்றேன்" என்று இறங்கியபோது ஆறு இருபத்தைந்து. தெற்கு கேட் பூட்டியிருந்தது.

"ஆஜ் பந்த்" என்றான் காவல்காரன். "சாப் லோக் ஆயேங்கே." நகரத்தின் சிறந்த ஏரி எது என்று பார்க்க அதிகாரிகள் வருகிறார்களாம். தரையைக் கழுவிக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பையா, மேரா கர் உதரிச் ஹை. தோ மினிட்." வீடு அதோ இருக்கிறது, இரண்டே நிமிஷம் என்று கெஞ்சினாள். அவன் தலையை ஆட்டினான். சுதீருக்குப் போன் போட்டாள். அவன் வரவேற்பு வேலையில் இருந்தான், எடுக்கவில்லை. லைனில் யார் நம்பரையும் அவள் வாங்கி வைத்ததில்லை.

கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். வடகரையில் நட்ட கன்றுகள் இன்னும் இடுப்புயரம்தான். தண்ணீருக்கு அந்தப் பக்கம் லைன் வீடுகள் வரிசையாகத் தெரிந்தன. ஏழாவது வாசலில் வெள்ளைப் பனியன். சந்திரன் நகர்ந்து வெளியே வந்து வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். ஒரு கை உயர்ந்து உயர்ந்து இறங்கியது. சிவப்பு நைட்டி போட்ட ஒருத்தி பக்கெட்டோடு அவன் பக்கத்தில் போனாள். மரியா.

'சரி, அவ இருக்கறா' என்று அம்புஜம் நினைத்தாள். அதனால் அவள் ஓடவில்லை. நடந்தாள். வேகமாகத்தான் நடந்தாள், ஆனால் நடந்தாள். இட்லி ஆறிவிடக் கூடாதென்று டப்பாவை முந்தானையில் சுற்றிக்கொண்டாள். மேம்பாலத்தடியில் சிக்னலுக்கு நின்று, எல்லாரோடும் சேர்ந்து ரோட்டைக் கடந்தாள்.

ஏழேகாலுக்கு லைனுக்குள் நுழைந்தாள். சந்திரன் வாசல்படியிலிருந்து சாய்ந்து சாக்கடைப் பலகை மேல் கிடந்தான். பனியன் வியர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. கண் பாதி திறந்திருந்தது. வாயில் இட்லியைத் திணித்தாள், வெளியே விழுந்தது. நாங்கள் நாலு பேர் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம்.

உயிர் போகவில்லை. பதினோரு நாள் கழித்துக் கண்ணைத் திறந்தான். சர்க்கரை ரொம்ப நேரம் கீழேயே இருந்துவிட்டது, மூளையில் பாதிக்கு மேல் போய்விட்டது, இனி இப்படித்தான் என்றார் டாக்டர். அரை மணி முன்னால் ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்திருந்தால் போதும் என்றும் சொன்னார். அவர் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

சந்திரனுக்கு அம்புஜத்தை அடையாளம் தெரியவில்லை. பேச்சு இல்லை. படுக்கை விரிப்பை இரண்டு கையாலும் நீவி நீவிச் சமப்படுத்தி, வலது கையால் இல்லாத ஒரு மிஷினைத் தள்ளுவான். நாள் முழுக்க அதைச் செய்வான். நனைத்துக்கொண்டால் அதன் மேலேயே வெட்டிக்கொண்டிருப்பான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள், தண்ணீர் லாரி நின்றிருந்தபோது, அம்புஜம் வரிசையில் எல்லாரையும் தள்ளிக்கொண்டு போய் மரியாவின் எதிரில் நின்றாள்.

"அன்னிக்கு நீ அவரப் பாத்த இல்ல?"

மரியா குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். மறைக்கவில்லை. "பாத்தேன்."

"கூப்பிட்டாரா?"

"கூப்பிட்டாரு. மரியா, சக்கரை குடுன்னாரு. ரெண்டு வாட்டி. கேட்டுச்சு."

"ஏண்டி குடுக்கல?"

"கெரேயக் கெடுத்து ஹாளு பண்றவ நானு. எங்கையால குடுத்தா உங்க ஊட்டுக்காரரும் ஹாளாயிடுவாரு இல்ல?"

அம்புஜம் அடிப்பாள் என்று நினைத்தோம். அவள் அடிக்கவில்லை. "அவரு உன்ன இன்னா பண்ணாருடி?" என்று மட்டும் கேட்டாள்.

"ஒண்ணும் பண்ணல. நல்ல மனுசன்" என்றாள் மரியா. "என் பொண்ணு உன்ன இன்னா பண்ணா?"

குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்று ஞாயிற்றுக்கிழமை. கொஞ்ச நேரத்தில் மகளோடு சர்ச்சுக்குக் கிளம்பிப் போனதைப் பார்த்தேன்.

ஸ்வர்ணாவிடமிருந்து அம்புஜத்துக்கு வாய்ஸ் மெசேஜ் வந்தது. குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. இரண்டு வாரம் பார்த்தார்கள், மாமனாருக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, தென்கரையிலேயே ஒரு ஆள் கிடைத்துவிட்டது, அம்புஜம்மா அவரை நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏரிக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. அன்று–இன்று என்று தெற்கு கேட்டில் பெரிய பலகை வைத்தார்கள். 'அன்று' பக்கத்தில் நுரைக்கு நடுவில் மரியா. 'இன்று' பக்கத்தில் பச்சைப் புடவையில், மைக்கோடு, அம்புஜம்.

ஆறு மாதம் போனது. ஒரு நாள் சீனிவாசராகவன் தானே லைனுக்கு வந்தார். அந்த வரிசையை இருபத்தேழு வருடத்துக்கு முன் அளந்துவிட்டுப் போனவர், அதற்குப் பிறகு அன்றுதான் வந்தார். வாசலில் நின்று, கட்டிலில் துணி வெட்டிக்கொண்டிருந்த சந்திரனைப் பார்த்தார். உள்ளே வரவில்லை.

"புதுத் திட்டத்துல, உள்ளூர் ஜனங்களுக்கு வேலைன்னு ஒரு ஷரத்து இருக்கு. ரெண்டு வருஷமா யாரையும் எடுக்கல. நான் சுதீர்கிட்ட சண்டை போட்டேன். வடக்கு கேட்ல உக்காரணும். திறக்கணும், மூடணும். வீடு பக்கத்துல. அவரையும் பாத்துக்கலாம்."

அம்புஜம் யோசிக்கவே இல்லை. "செய்யறேன் சார்" என்றாள். எல்லா நாளும் ஐயா என்று கூப்பிட்டவள்.

காக்கிக் கோட்டு, விசில், பிளாஸ்டிக் நாற்காலி, பூட்டு. முதலில் லைனில் எல்லாருக்கும் சந்தோஷம். நம் ஆள் கேட்டில் இருக்கிறாள், இனி சுற்ற வேண்டியதில்லை என்றார்கள். ஒன்பதரை ஆனதும் அவள் பூட்டினாள். ஒன்பது முப்பத்திரண்டுக்கு ஓடிவந்த கார்மென்ட்ஸ் பெண்ணை விடவில்லை. அவள் பன்னிரண்டாம் நம்பர்காரி, வயிற்றில் ஏழு மாதம். "அக்கா, லேட்டானா பாதி நாள் கட் பண்ணுவாங்கக்கா" என்று அழுதாள். "எனக்குத் தொறந்து உட்டாங்களா?" என்றாள் அம்புஜம். அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேம்பாலம் சுற்றிப் போனாள்.

பெரியவரையும் விடவில்லை. சாயங்காலம் மெல்ல நடந்து வடக்கு வரை வருவார், முட்டி வலிக்கும், சிமெண்ட் பெஞ்சில் உட்காருவார். ஏழு மணிக்கு அவர் காதுக்குப் பக்கத்தில் விசில் ஊதுவாள்.

"ரெண்டு நிமிஷம் இரும்மா. மூச்சு வாங்கறது."

"டயம் ஆச்சு சார். ரூல்ஸ்."

அவர் எழுந்து தெற்கு கேட் வரை பாதி ஏரியைச் சுற்றி நடந்து போவார்.

ஆனால் அவள் காத்திருந்தது அவர்களுக்காக அல்ல. மரியாவின் மெஸ்ஸும் தென்கரையில்தான் இருந்தது. மரியா தினமும் ஒன்பதரைக்குப் பிறகே வீட்டை விட்டுக் கிளம்புவாள், பூட்டிய கேட்டின் முன்னால் நடந்துதான் மெயின் ரோட்டுக்குப் போக வேண்டும். ஒரு நாள் கேட்பாள், அக்கா கொஞ்சம் திற என்று வாயைத் திறந்து கேட்பாள், அப்போது சொல்ல வேண்டியதை அம்புஜம் தயாராக வைத்திருந்தாள். எனக்கு அது தெரியும், என்னிடமே சொல்லியிருக்கிறாள். "கேக்கட்டும். ரெண்டு வாட்டி கேக்கட்டும்" என்பாள்.

நான் வீடு காலி செய்த வாரம் நல்ல மழை. காலையில் மரியா குடை இல்லாமல், தலையில் பிளாஸ்டிக் கவரைப் போட்டுக்கொண்டு வந்தாள். காலில் ஏதோ அடி, நொண்டினாள். கேட்டுக்கு நேராக வந்து நின்றாள். அம்புஜம் நாற்காலியிலிருந்து எழுந்தாள், இடுப்பிலிருந்து சாவியைக் கையில் எடுத்துக்கொண்டாள். இரண்டு பேருக்கும் நடுவில் கம்பி மட்டும். மரியா கம்பியைப் பிடித்து, ஒரு காலைத் தூக்கி, செருப்பின் வாரைச் சரி செய்துகொண்டாள். பிறகு கம்பியை விட்டுவிட்டு, நொண்டிக்கொண்டே மெயின் ரோட்டுப் பக்கம் நடந்தாள்.

"ஏய்!" என்று கத்தினாள் அம்புஜம். "ஏய் மரியா!"

மரியா திரும்பவில்லை. அம்புஜம் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் சர்வீஸ் ரோட்டில் மறையும் வரை நின்றாள். பத்து மணிக்குச் சந்திரனுக்குக் கஞ்சி கொடுக்க வேண்டும். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு வீட்டுக்குள் போனாள். அவன் விரிப்பை நீவிக்கொண்டிருந்தான். அதை அவன் கையிலிருந்து பிடுங்கினாள், அவன் வெறும் கட்டிலை நீவ ஆரம்பித்தான்.